மெர்டெலின் பான்கேக் வாசனை போன வழி

மெர்டெல் சுடுகிற பான்கேக்கின் வாசனை அவளுடைய அடுப்படியில் வருவதில்லை. அது வாசலைக் கடந்து, சர்ச்சைத் தாண்டி, டக்கெட் குன்றில் ஏறி, அவள் நாத்தனார் ஐவலின் வீட்டுக்குள் மட்டும் நுழையும். வழியில் இருக்கிற எந்த மூக்குக்கும் தெரியாது. கோழிகள் மட்டும் ஒதுங்கி வழிவிடும். அதை வைத்துத்தான் எங்களுக்கு விஷயமே தெரியவந்தது.

ஐவலினுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி யூஸ்டஸ். தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவன் குன்றேறி வந்து அக்கா செய்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு புட்டிங்கைத் தின்பான். மெர்டெலைக் கட்டிய பிறகும் அது நிற்கவில்லை. கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் ஜாதிக்காயும் பழுப்புச் சர்க்கரையும் கலந்து, இரும்புப் பானையில் ஊற்றி, அடியிலும் கரி, மூடிமேலும் கரி வைத்து, சனிக்கிழமை முழுக்க அவள் காவல் காப்பாள். ஜமைக்காவில் இதைவிட நல்ல புட்டிங் இல்லை என்று பாதிரியாரே சொல்லியிருக்கிறார்.

மெர்டெலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "ஒரு பண்டத்துக்காக நாள் பூரா நெருப்பைப் பாத்துட்டு உக்கார என்னால ஆகாதும்மா" என்றவள், அதே மாவில் தேங்காய்ப்பாலைக் குறைத்து, முட்டையை அடித்து ஊற்றி, வாணலியில் கரண்டி கரண்டியாக விட்டாள். யூஸ்டஸ் தின்றான். அடுத்த ஞாயிறு அவன் குன்றேறவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"புட்டிங்கை நசுக்கி வச்சிருக்கா, அவ்வளவுதான். இதைத் தின்ன இவனுக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்று ஐவலின் ஊரெல்லாம் சொன்னாள். அவள் வயிறு எரிந்தது. அந்த வாரம்தான் வாசனை அவள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. ஜன்னலைச் சாத்தினாள். சாவித்துவாரத்தில் துணியை அடைத்தாள். வாசனை அவள் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் கிளீட்டா முகர்ந்து பார்த்து, "மிஸ் ஐவி, நீங்களும் பான்கேக்குக்கு மாறிட்டீங்களா?" என்று கேட்ட நாளில் ஐவலின் பாடாமலே வீடு திரும்பினாள். பிறகொரு வருஷம் புயலில் அவள் கூரை போனது. வாசனை போகவில்லை.

மெர்டெலுக்கும் இதில் நஷ்டம் உண்டு. அந்த மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்பு நிறம். வெந்ததா, கருகியதா என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குதான் சொல்லவேண்டும். அவள் மூக்குக்கோ வாசனையே கிடையாது. அதனால் வாராவாரம் கருக்கினாள். கருகல் வாடை மேலே வரும்போதெல்லாம் ஐவலின் ஆடும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கருகட்டும், நல்லாக் கருகட்டும்" என்று ஆடுவாள். பசியோடு தம்பி ஏறி வருவான் என்று வாசலைப் பார்ப்பாள்.

அவன் வராமலே வருஷங்கள் ஓடின. ஒரு அறுவடைப் பண்டிகையன்று அவளே புட்டிங் துண்டோடு இறங்கிப் போனாள். மெர்டெல் கிணற்றடியில் இருந்தாள். யூஸ்டஸ் கத்தியால் பான்கேக்கின் கரியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடா இது, ஒரே கரியா இருக்கு?"

"ஆமாக்கா. எப்பவும் இப்படித்தான்."

"அப்புறம் எதுக்குடா திங்கிற? மேல நான் ஒருத்தி செஞ்சு வச்சிட்டு உக்காந்திருக்கேனே!"

"உன் புட்டிங்குக்கு ஈடு எதுவும் இல்லக்கா, அது எனக்குத் தெரியாதா?" என்றவன் அடுத்ததை எடுத்தான். "ஆனா இது அவ சுட்டதாச்சே."

ருசியில் தோற்றிருந்தால் ஐவலின் ஜாதிக்காயைக் கூட்டிப் பார்த்திருப்பாள். இதற்கு என்னத்தைக் கூட்டுவது? புட்டிங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டே குன்றேறினாள். அவள் மனசு இளகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமை முன்னைவிட இரட்டிப்பானது. ஆனாலும் தான் வளர்த்த பிள்ளை கரி தின்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. மறு ஞாயிறு வாசனை ஓரம் கசக்கத் தொடங்கியதும் வராந்தாவில் இடுப்பில் கைவைத்து நின்று கத்தினாள்:

"திருப்புடி, கூறு கெட்டவளே!"

கீழேயிருந்து உடனே பதில் வந்தது: "திருப்பிட்டேன், மிஸ் ஐவி!"

அன்றிலிருந்து எந்த ஞாயிறும் அந்தக் கூச்சல் தவறியதில்லை. பாதிரியாரும் அதற்குள் பிரசங்கத்தை முடித்துவிடுகிறார். மெர்டெலின் பான்கேக்குகள் இப்போது ஒரே பதமாக வருகின்றன. அவளுக்கு இருக்கிற கவலை ஒன்றுதான்: நாத்தனாரின் வயிற்றெரிச்சல் தணிந்து, வாசனை மேலே போவது நின்றுவிட்டால் என்ன செய்வது? அதனால் கரண்டியைக் கையில் எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, குன்றுக்கே கேட்கும்படி, "ராசா, என் தங்கமே, சாப்பிட வாங்க" என்று புருஷனைக் கூப்பிடுகிறாள்.