குஞ்சம்மாளின் மூன்று மனுக்கள்

அப்துல் நாசருக்குச் சுத்தத்தின் மேல் அபார நம்பிக்கை. சவுதியில் பன்னிரண்டு வருஷம் வெல்டராக இருந்தவர். அங்கே ஆய்வுக்கு ஆள் வந்தால் தரையில் சோறு போட்டுத் தின்னலாம். பெரம்பலூரில் அவர் நடத்தும் பெஞ்சுப் பட்டறையைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் வேறு என்ன செய்வார்? இரண்டு நாள் வேலையை நிறுத்திச் சுவருக்கு வெள்ளையடித்தார். இரும்புத் தூளைக் கூட்டி அள்ளிக் காயலான் கடைக்கு அனுப்பினார். மெஷின்களுக்குப் பச்சை பெயின்ட் வேறு.

அரசுப் பள்ளிகளுக்கு பெஞ்சு செய்யும் டெண்டர் போட, பட்டறை இயங்குகிறது என்று அந்த அதிகாரி தரும் சான்றிதழ் வேண்டும். அது வராவிட்டால் திரும்பிப் போக, சவுதியிலிருந்து மச்சான் அன்சார் அனுப்பிய விசா பீரோவில் தயாராக இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நாசர் லீவில் வந்தபோது, மகள் மர்ஜியா அப்பாவை அடையாளம் தெரியாமல் தாயிடம், "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத்தான் நாசர் பட்டறையே போட்டார்.

எல்லாம் துடைத்தாயிற்று, எதிர்வீட்டு குஞ்சம்மாளைத் தவிர. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் ஆயா. பகலில் தூங்க விடாமல் இரும்பறுக்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் மூன்று முறை மனு கொடுத்தவர். அவரை அதிகாரி கண்ணில் காட்டலாமா? பிரியாணிப் பொட்டலமும் பஸ் காசும் கொடுத்து, "புதன்கிழமை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போயிட்டு வாங்கக்கா" என்றார் நாசர்.

புதன்கிழமை அதிகாரி புஷ்பவல்லி வந்து சுற்றிப் பார்த்தார். வெல்டர் பாவாடை புதுச் சட்டையில் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் நின்றார்.

"மெஷினை ஓட்டிக் காட்டுங்க."

"இன்னிக்கு கரண்ட் கட்டு மேடம். அஞ்சு மணிக்குத்தான் வரும்."

வேலை நடப்பதற்குச் சான்றாகக் கரண்ட் கார்டைக் காட்டலாமென்றால் அது இடத்துக்காரர் பேரில், பக்கத்து மாவு மில்லுக்கும் சேர்த்து. நாசருக்கு பில் போட்டு விற்கும் பழக்கமும் கிடையாது.

"இங்க வேலை நடந்த அடையாளமே இல்லையே சார்! காட்டுறதுக்குக் கொண்டாந்து வச்ச மாதிரியில்ல இருக்கு? இயங்கலன்னுதான் எழுதணும். மறுபடி வர ஒரு மாசம் ஆகும்."

டெண்டருக்குப் பத்து நாள்தான் இருந்தது. பட்டறை ஓடுவதை எழுத்தில் வைத்திருப்பவர் இந்த ஊரில் ஒரே ஆள். அவரையும் காசு கொடுத்து அனுப்பியாயிற்று. இப்படியும் ஒரு புத்தி இருக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தார். கதவில் பூட்டு இல்லை. ஓடிப்போய்த் தட்டினார்.

குஞ்சம்மாள் தலைவிரி கோலமாக வந்தார். "ரெண்டு நாளாத்தான் பாய் சத்தமில்லாம கெடக்கு. மாதாவை அப்புறம் பாத்துக்கலாம்னு படுத்துட்டேன். அதுவும் பொறுக்கலையா?"

"அக்கா, அந்த மனுவெல்லாம் இருக்கா? மேடத்துக்கிட்ட காட்டுங்க. என்னென்ன பண்றோமோ எல்லாத்தையும் சொல்லுங்க."

குஞ்சம்மாளுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று நகல்களையும் கொண்டுவந்து நீட்டினார். காலை எட்டு முதல் இரவு ஏழு வரை, ஞாயிறு தவிர, எந்த மெஷின் எப்போது ஓடும் என்பது வரை எழுதியிருந்தது. தேதி போட்ட கலெக்டர் ஆபீஸ் முத்திரையும் இருந்தது. புஷ்பவல்லி நிதானமாகப் படித்து, 'இயங்குகிறது' என்று எழுதி, ஒரு நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜீப் போனதும் குஞ்சம்மாள் கேட்டார். "இனிமே சத்தம் கொறையுமா பாய்?"

குறையும் என்று சொல்லத்தான் நாசர் வாயெடுத்தார். மனசு வரவில்லை. "டெண்டர் கெடைச்சா கூடும்க்கா. ஆனா நீங்க தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் அறுக்க மாட்டோம். மதியம் ரெண்டு மணிக்கு மேலதான்."

மறுநாள் மணி இரண்டு அடித்ததும் பாவாடை மெஷினைப் போட்டார். நாசர் பட்டறையிலிருந்தே அன்சாருக்கு போன் செய்தார்.

"ஒண்ணும் கேக்கல மச்சான், ஒரே சத்தமா இருக்கு! எப்ப வர்றீங்க?"

"வரல!"

"என்னது?"

"நான் வரல மச்சான், வரவே மாட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார் நாசர்.

எதிர்வீட்டு வாசலில் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த குஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு வேற தனியா ஒரு மனு எழுதணும் போலருக்கே!"