காலி நாற்காலி

மனிதகுலத்தை அதைப் பெற்றவர்களிடமிருந்து மீட்கப் பிறந்த மதம், டயர் கடைக்கு மேல்மாடியில் பிறந்தது. அங்கேதான் வாடகை குறைவு.

நிறுவியவர் இளமையில் முடி வளர்த்து, கிதாரும் கையுமாக உலகத்தையே எதிர்த்தவர். முடி கொட்டியதும் உளவியல் படித்து, கடவுள் இருந்த இடத்தில் ஆழ்மனத்தை வைத்தார். பக்தர்களுக்கு அவர் 'டாக்டர் சாமி'. சீருடை அடிமைத்தனம் என்று காட்டுவதற்காக எல்லோரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டார்கள்.

வழிபாடு எளியது. நடுவில் ஒரு காலி நாற்காலி, மற்றவர்கள் தரையில். உங்களைக் காயப்படுத்தியவர் அதில் இருப்பதாக நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொட்டித் தீர்க்க வேண்டும். நடுவே யாரும் வாய் திறக்கக் கூடாது. உடைந்து அழுதவர் 'வழிகாட்டி' ஆவார். பக்தர்களில் ஒருவரான பல் மருத்துவருக்கு மட்டும் அழுகை வரவேயில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த கணக்காளர் உட்பட எல்லோரும் வழிகாட்டி ஆகிவிட்டார்கள்.

"இன்னிக்காவது வருமா?" என்று டாக்டர் சாமி, மலச்சிக்கல்காரரைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வந்துரும் சாமி."

மருத்துவர் கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா மாடியேறி வந்தார். மகனின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர் அவர்தான். மூச்சு வாங்கியது, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விதி விதிதான், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அம்மா, என்னை இருட்டு ரூம்ல பூட்டி வச்சியே! பசிக்குதுன்னு கதவைத் தட்டினேனே! நீயெல்லாம் ஒரு தாயா?" கண்ணீர் பொங்கி வந்தது. கூட்டமே விம்மியது.

"சரிப்பா, மூஞ்சியத் துடை" என்றது நாற்காலி. "ஈறுல ஊசி போட்டு ஒருத்தர உக்கார வச்சிட்டு வந்துட்டியே. பாவம், வாய் கோணிப் போய் உக்காந்திருக்காரு."

மருத்துவர் கண்ணைத் திறந்தார்.

"நாற்காலி பேசக் கூடாதும்மா" என்றார் டாக்டர் சாமி.

"அப்ப கால் வலிக்கிறவ உக்கார வேற எதாவது போட்டு வைங்க தம்பி."

எப்படியோ அழுகை வந்துவிட்டதே என்று கைதட்டல் எழுந்தது. மருத்துவரின் சட்டையில் வழிகாட்டிப் பட்டையைக் குத்தினார்கள்.

இறங்கும்போது அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி பாதிப் படியில் நின்றார்.

"நான் எப்பப்பா உன்னப் பூட்டி வச்சேன்? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. அப்படிச் செஞ்சிருந்தா மன்னிச்சிடுப்பா."

மருத்துவர் அம்மாவின் கையைப் பிடித்து அடுத்த படியில் இறக்கிவிட்டார்.

பூட்டி வைத்தது கணக்காளரின் சித்தி. போன வாரம் கணக்காளர் அதைச் சொல்லித்தான் வழிகாட்டி ஆனார்.