கதவைப் பற்றி ஒரு வரி

எங்கள் கோர்ட்டில் சாட்சி சொல்வது ஒன்று, தாளில் ஏறுவது வேறு. சாட்சி மூச்சு விடாமல் பேசுவார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுருக்கி ஒரு வரி சொல்வார். அதை நான் தட்டச்சு செய்வேன். பத்தொன்பது வருடமாக இப்படித்தான், யாரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு வந்த வழக்கு வெளிநாட்டுக் கோர்ட்டுடையது. அங்கே ஒரு துணி ஆலை தீப்பிடித்துப் பதினோரு பேர் செத்துப்போனார்கள். ஜன்னலை உடைத்துத் தப்பி ஊர் திரும்பிய ஒரே ஆள் ஒரு தையல்காரர். புகையில் நுரையீரல் கெட்டுப்போய்விட்டது, பயணம் முடியாது. அதனால் அவர் சாட்சியத்தை இங்கேயே பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். செத்தவர்களில் ஒருவனுடைய அக்காதான் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஆலை முதலாளி மாட்டுவதும் தப்புவதும் அந்த மனிதர் வாயில்தான் இருந்தது.

கேள்வியையும் பதிலையும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் கோர்ட்டின் கேள்விகளோடு வந்த கடிதத்தில் எழுதியிருந்தது. கோப்பு கட்டும்போது நான் படித்தேன். நீதிபதி படிக்கவில்லை. போய்ச் சொன்னால் எரிந்து விழுவார். நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

தையல்காரர் இருமி இருமிப் பேசினார். "கதவை வெளியில பூட்டியிருந்தாங்கய்யா. சாவி முதலாளி கையில இருந்துச்சு. கண்ணாடி வழியா எங்களைப் பாத்துக்கிட்டே நின்னாரு. இந்தப் பொண்ணோட தம்பி கதவைத் தட்டித் தட்டிக் கத்துனான். அவரு திரும்பி நடந்துட்டாரு."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீதிபதி மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "சம்பவத்தின்போது கதவு திறக்கப்படவில்லை என்று சாட்சி கூறுகிறார்."

என் விரல்கள் நின்றன.

"என்னம்மா, தூங்கிட்டியா?"

அடித்தேன். படித்துக் காட்டினேன். தையல்காரர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். கதவு திறக்கவில்லை என்பது பொய்யில்லையே.

நான்கு மாதம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. சுருக்கம் செல்லாது, சாட்சியை மறுபடி விசாரித்து அவர் சொன்னபடியே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். தையல்காரர் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நீதிபதி கடிதத்தை என் மேசையில் போட்டு, "சாட்சி உயிரோட இல்லைன்னு பதில் அடிச்சிடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விஷயம் தெரிந்து அக்கா வந்தாள்.

"மேடம், நீங்க அங்கதானே இருந்தீங்க. அவரு சொன்னது ஞாபகம் இருக்கா?"

"ஒரு வார்த்தை விடாம இருக்கும்மா."

"அப்ப நீங்க எழுதிக் குடுங்களேன்."

"நான் எழுதினா எடுத்துக்க மாட்டாங்க. தீயில நின்னது நான் இல்லையே."

"அப்படின்னா அன்னிக்கே ஏன் சொல்லல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. "பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் தம்பியும் பயந்துதான் இருந்திருப்பான். ஆனா கத்துனானே, மேடம்."