கதவு இல்லாத குளிர்

அப்பா மறுபடியும் மலைப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிகிரி வாங்கிய நாளிலிருந்து இதே கதைதான். கேஸ் அடுப்பு எரியாவிட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நீயே சொல்லு, படிச்சவ நீதானே," என்றான் அண்ணன். "ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய் பனியப் பாக்கணுமா? அதுவும் இந்த நிலைமையில?"

நிலைமை சுவரோரமாக உறுமிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் மெஷின். அதன் குழாய் எட்டுகிற தூரம்தான் இப்போது அப்பாவின் நடமாட்டம். கட்டில், ஜன்னல், கழிவறை, அவ்வளவுதான்.

மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் கிடங்கில் வேலை பார்த்தவர் அவர். நான் பிறப்பதற்கு முன்பே சேர்ந்துவிட்டார். இரும்புக் கதவுக்குப் பின்னால், விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்துபோகும் குளிர். நெஞ்சு கெட்டதும் கம்பெனி டாக்டர் புகைப்பழக்கம் என்று சொல்லிவிட்டார். அப்பா சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. வேலையை விட்டு அனுப்பிய அன்று அவர் போட்டிருந்த தடித்த கோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கம்பெனிச் சொத்தாம். ஆயுள் முழுக்கக் குளிரில் நின்ற மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது.

"ஐஸ் பாக்கணும்னா ஃப்ரிட்ஜைத் தொறந்து பாருப்பா," என்றான் அண்ணன்.

"அதுலயும் கதவு இருக்குடா."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடங்கியதும் என்னிடம் சொன்னார், "மேல வானம் தெரியணும் பாப்பா. குளிர்ல நிக்கணும், எவனும் பின்னாடி கதவைச் சாத்தக் கூடாது. ஒரே ஒரு தடவ."

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்துகிறவன் தலையை உள்ளே நீட்டி, "உள்ள யாராவது?" என்று கத்த வேண்டும். கத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். ஒரு தடவை புதிதாக வந்த சூப்பர்வைசர் கத்தாமல் சாத்திவிட்டான். உள்ளே இருந்தது அப்பாவின் கூட்டாளி. அதற்கு மேல் அப்பா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பீரோவைச் சாத்தினாலும் இந்தக் கேள்வி உண்டு. ஹாஸ்டல் குளியலறை வாசலில் பழக்க தோஷத்தில் நான் கத்தப்போய், படித்து முடிக்கிறவரை எனக்கு 'உள்ளயாராவது' என்றே பெயர்.

இப்போது அப்பாவைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டேன். "மலையில காத்து கம்மிம்மா. கூட்டிட்டுப் போனா ரிஸ்க்தான்," என்றார். கூடவே, "போகலைன்னாலும் பெருசா எதுவும் மாறப்போறதில்ல," என்றார். அதை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பூங்கா அலுவலகத்துக்கும் போட்டேன். பனி இருக்கிறதா என்று கேட்டேன்.

"விழுந்தா விழும் மேடம். போன வாரம் விழுந்துச்சு. இப்ப சேறுதான்."

"அவ்வளவு தூரம் வந்தா பிரயோஜனம் உண்டா?"

"அது வர்றவங்க மனசைப் பொறுத்தது மேடம்."

போனை வைத்துவிட்டு, "போறோம்," என்றேன்.

"சேறு பாக்கவா?" என்றான் அண்ணன்.

"ஆமா. சேறு பாக்க. உன் வண்டியக் குடுக்க முடியுமா, முடியாதா?"

முறைத்தான். ஆனால் மறுநாளே டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வந்து நின்றான்.

மலைக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் யோசித்தோம். வாடகைக்கு ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர், மாற்றுக்கு இன்னொன்று. ஃப்ளாஸ்கில் வெந்நீர். வளைவுகளில் வாந்தி வந்தால் பிடிக்கப் பைகள். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் கம்பளிச் சட்டை இரவல். வழியில் எங்கெங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். எங்கள் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் அந்த வாரம் ஓடவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இறங்குறதுதானே," என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. படித்தவள் நான்.

காலையில் அப்பா கம்பளிச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். வாசல் கதவைச் சாத்தும் முன் வீட்டுக்குள் தலையை நீட்டி, "உள்ள யாராவது?" என்றார். காத்திருந்து, பிறகு சாத்தினார்.

படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த திருப்பத்தில் படியில் உட்கார்ந்தார். அண்ணன் தூக்க வந்தான். வேண்டாம் என்று கை காட்டினார். மூன்று மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார். காரில் சாய்த்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிலிண்டர் திருகை முழுக்கத் திறந்துவிட்டேன். அப்படியும் போதவில்லை.

யாரும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு என்ன தோன்றியதோ, ஏசியை ஆகக் கூடுதலான குளிருக்குத் திருப்பினான். அவனுக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். குளிர்ந்த காற்று அப்பாவின் முகத்தில் அடித்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். "அணைச்சிடுடா," என்றார். மூச்சு எடுத்துக்கொண்டு, "அங்க மாதிரியே இருக்கு."

அணைத்தான். நான் இறங்கிப் போய் நான்கு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தேன். வெளியே வெயில். பக்கத்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. அப்பா தலையைச் சாய்த்து மேலே பார்த்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் துணிக்கொடிகள். அதற்கும் மேலே துண்டு வானம்.

"போதும் பாப்பா," என்றார். "மேல போயிடலாம்."

இனி இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. எலக்ட்ரீஷியன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அப்பாவை அதில் உட்கார வைத்து, எலக்ட்ரீஷியனும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். அம்மா சிலிண்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஃப்ளாஸ்கையும் பைகளையும் எடுத்துக்கொண்டேன். திறந்து கிடந்த கார் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்து சாத்தினேன். எதற்குள்ளும் தலையை நீட்டவில்லை. நீட்டிக் கேட்டுவிட்டுக் காத்திருக்க என்னால் முடியவில்லை.

முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்திருந்தார்கள். சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"கேட்டுட்டுத்தானே சாத்தின?" என்றார் அப்பா.

"கேட்டேன்ப்பா," என்றேன். "உள்ள யாரும் இல்ல."