விசிறிக் கூடத்துப் பாஷை

என் வீட்டுக்காரருக்குப் போனைக் கண்டாலே ஆகாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் பிழைப்பே அதனால்தான் ஓடுகிறது. ஊரார் பார்க்கும் வீடியோவும் அனுப்பும் படமும் போய்ச் சேருகிற டேட்டா சென்டரில், பழுதான டிஸ்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அவர் வேலை. ஆளுக்கொரு போன் வந்ததிலிருந்து அந்தக் கட்டடத்துக்குப் பசி அடங்கவில்லை. ஒரு கூடம் இரண்டானது, அப்போது மூன்றாவதும் எழும்பிக்கொண்டிருந்தது. குழந்தைக்குச் சாப்பாடு ஊட்ட நான் போனில் பொம்மைப் படம் போட்டால், "நீ இங்க போடுற, நான் அங்க ஓடுறேன்" என்பார்.

மகளுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. போனைக் கொடுத்துக் கொடுத்து நான்தான் கெடுத்தேன் என்று மாமியார் சாடையாகச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் அதே உறுத்தல். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, போன்மேல் பழி போடாதீர்கள், பிறந்ததிலிருந்தே இவளுக்குக் காது கேட்கவில்லை என்றார். கருவி மாட்டினாலும் பேச்சு எந்த அளவுக்கு வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம். கையால் பேசப் பழக்கச் சொன்னார், அதற்கு வகுப்பும் இருக்கிறதாம். அதெல்லாம் என் மண்டையில் ஏறவேயில்லை. இவள் என்னைக் கூப்பிடவே போவதில்லையா என்பது மட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை அழுதேன். அவர் அழவில்லை, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அவர் வேலை செய்யும் கூடத்தில் விசிறிகளின் இரைச்சல் காதைப் பிளக்கும். காதடைப்பான் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே எல்லாருமே கையால்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. விரல்களை உதறினால் சூடாகிவிட்டது, உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் பொறு, விரலை மடக்கி இழுத்தால் கழற்று. டாக்டரைப் பார்த்து வந்த அன்று மாலை, சூடான சாப்பாட்டுத் தட்டை நீட்டியபடி அவர் மகள் முன்னால் விரல்களை உதறினார். போனைவிட்டுக் கண்ணெடுக்காதவள் அந்த விரல்களைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். மறுநாள் ஆவி பறக்கும் பாலைக் கண்டதும் அவளும் உதறினாள்.

அப்புறம் என்ன, அப்பாவும் மகளும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். கவுனைக் கழற்ற வேண்டுமானால் விரலை மடக்கி இழுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பிள்ளை என்ன மெஷினா? கழற்று, மாட்டுன்னு பேசிக்கிட்டு."

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றார். மகளைப் பார்த்தபடி, "எதையாவது அவகிட்ட சொல்லணும்னு இருக்கு எனக்கு" என்றார். அப்போது அவர் குரல் உடைந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வந்த கோபம் வெறும் பொறாமை. அவரைக் கூப்பிட அவளே ஒரு சைகை கண்டுபிடித்திருந்தாள். காதடைப்பான் மாட்டுகிற மாதிரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டால் அப்பா. எனக்கு ஒன்றும் இல்லை. என்னை நானே தொட்டுக் காட்டி, உதட்டை மூடித் திறந்து, அம்மா அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் உதட்டைப் பிடித்து இழுத்து விளையாடினாள்.

மூன்றாவது கூடம் திறந்ததும் அவருக்கு வேலை இரட்டிப்பானது. பகலெல்லாம் நானும் அவளும்தான். வேறு வழியில்லாமல் நானும் உதறினேன், அமுக்கினேன், இழுத்தேன். வகுப்பிலும் சேர்ந்தோம். அங்கே அம்மாவுக்கென்று ஒழுங்கான சைகை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். விடாமல் செய்து காட்டினேன். அவள் கண்டுகொள்ளவேயில்லை.

அவருக்கு விடுமுறையான ஒரு நாள் நான் அடுப்படியில் இருந்தேன். மகள் வந்து எதிரே நின்றாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, புருவத்தை நெரித்து, முகவாயைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அச்சு அசலாக நான் சண்டைக்கு நிற்கிற கோலம்.

"இந்த வயசுலயே எனக்குப் பழிப்புக் காட்டுறா பாருங்க" என்று அவரிடம் குறைபட்டுக்கொண்டேன்.

முன்னறையில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். "பழிப்பு இல்ல. காலையில நீ குளிக்கப் போனப்ப என்கிட்டயும் இப்படித்தான் வந்து நின்னா. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. உன்னைத் தேடுறாளோன்னு நினைச்சு, நீ உள்ள இருக்கேன்னு குளியலறைக் கதவைக் காட்டினதும் அங்கேயே உட்கார்ந்துட்டா." அவள் தலையை மெல்லத் தடவினார். "உன்னைக் கூப்பிடுறா. அது உன் பேரு."

மகள் இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டு, என்ன என்று கையை விரித்துக் கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டாளாம். சிரித்துவிட்டு ஓடிப்போனாள். பெயர் வைக்க என்னிடம் வேறு முகமே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றியது, ஆனால் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. அன்று சாயங்காலம் வரை, ஒரு வேலையும் இல்லாமலேயே அடுப்படிக்குள் போய்ப் போய் ஒளிந்துகொண்டேன், அவள் தேடி வந்து கூப்பிடட்டும் என்று.