ரஹீமா பீவி காத்திருந்த மீன்

திமிங்கலம் ஒதுங்கிய மறுநாள் எங்கள் கரைக்கு வந்த கூட்டம் தர்கா கந்தூரிக்குக்கூட வந்ததில்லை. அறந்தாங்கி பஸ்ஸின் கூரைமேலும் ஆட்கள் உட்கார்ந்து வந்தார்கள். விராலிமலை, கொடும்பாளூர் என்று கடலையே பார்த்திராத ஊர்க்காரர்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு இறங்கி, முதலில் கடலைப் பார்த்து வாய் பிளந்தார்கள், பிறகுதான் மீனைப் பார்த்தார்கள். முறுக்குக்காரன் வந்தான், ஐஸ்காரன் வந்தான். ஒருவர் அதன் நெற்றியில் (எது நெற்றி என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ) மஞ்சளும் குங்குமமும் அப்பி, மச்சாவதாரம் என்று சூடம் கொளுத்தினார். பையன்கள் முதுகில் ஏறிச் சறுக்கினார்கள், இறங்கியதும் கல்லெறிந்தார்கள். அது இன்னும் உயிரோடுதான் இருந்தது. தலையின் மேலிருந்த துவாரம் வழியாக அவ்வப்போது மூச்சு விடும். கூட்டம் கத்திக்கொண்டு பின்னால் ஓடும், அடங்கியதும் திரும்பி வரும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அந்த ஜீவன் இரண்டும் பட்டது.

அதன் வாய்ப் பக்கம் ஈர மணலில், ஒரு குடத்தை வைத்துக்கொண்டு என் மாமியார் ரஹீமா பீவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான். நாங்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை. மாமி தன் மகனை அழைத்துப்போக வந்திருந்தாள்.

அந்த மகன்தான் என் புருஷன், முகம்மது கனி. ஐம்பத்தைந்தாம் வருஷக் கார்த்திகைப் புயலில் வத்தைப் படகோடு போனவர். அவரோடு போன மூன்று பேரின் உடலும் கரை ஒதுங்கிவிட்டது. அவர்களின் மனைவிமார் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் துக்கம் காத்து இத்தா இருந்து முடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு மறுநிக்காஹ் ஆகி இப்போது முழுகாமல் இருக்கிறாள். இவருடைய மய்யித்து மட்டும் வரவில்லை. "மய்யித்தைக் காட்டுங்க, அப்புறம் இவளை இத்தா இருக்கச் சொல்றேன்" என்று மாமி பிடித்த முயலுக்கு மூன்றே கால். பள்ளிவாசல் லெபை ஷேக் தாவூது எத்தனையோ சொல்லிப் பார்த்தார். பெற்றவள் ஒப்புக்கொள்ளாமல் மகன் இறந்துவிட்டான், மவுத்தென்று சொல்ல ஜமாத்துக்கும் மனம் வரவில்லை.

எனக்கு இருபது வயது. அறந்தாங்கியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை என்னைப் பெற்ற அத்தா எனக்காகப் பேசி வைத்திருந்தார். அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? எனக்குப் போகத்தான் ஆசை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வராத மனுஷனுக்குத் தினமும் ஒரு தட்டுச் சோறு மூடி வைத்து, விடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றி நாமே தின்று பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும்.

மீன் வயிற்றுக்குள் கிடந்து யூனுஸ் நபி ஓதிய துஆவை, துன்பம் வந்தால் எங்கள் வீடுகளில் எல்லோருமே ஓதுவார்கள். மாமியும் ஓதினாள். ஆனால் ஓத ஓத அவளுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. யூனுஸ் நபியை மீன் விழுங்கியது. அல்லா சொன்னதும் கரைக்கு வந்து கக்கியது. என் பிள்ளையையும் ஒரு மீன் வைத்திருக்கிறது. அதுவும் ஒருநாள் கரைக்கு வரும். இப்போது மீன் வந்தேவிட்டது. ஊர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன். மீன் எப்படியும் சாகும், எண்ணெய்க்காக அறுப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது, மாமி வாயடைத்துப் போவாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் அவளுக்கு முன்னால் நடந்ததன் காரணம் அதுதான்.

மாமி குடத்தில் கடல் நீரை மொண்டு மொண்டு அதன் தலையில் ஊற்றினாள். கண்ணில் மணல் படாமல் துடைத்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்த ஒரு வாத்தியார், குடையை நீட்டி, "இவ்வளவு பெரிய உடம்பு, ஆனா தொண்டை ரொம்பச் சின்னது. ஒரு தேங்காய்கூட உள்ள போகாது" என்றார்.

"யூனுஸ் நபியும் இந்த வாய் வழியாத்தாங்க உள்ள போனாங்க" என்றாள் மாமி, திரும்பிக்கூடப் பார்க்காமல். வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு பிள்ளைகளை வால் பக்கம் நடத்திப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது.

விராலிமலையிலிருந்து வந்திருந்த ஒரு சம்சாரியின் மனைவி நெடுநேரமாக மாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகம்மாள் என்று பெயர் சொன்னாள். கிட்டத்தில் வந்து குந்தினாள்.

"ஏக்கா, இது ஒங்க மீனா?"

"இல்லத்தா. எம்புள்ள உள்ள இருக்கான்."

இவளும் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்தாள், மீனின் வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், இல்லை என்றா ஆம் என்றா, எனக்கே தெரியவில்லை. அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, எல்லாரையும் அங்கிட்டுத் தள்ளச் சொல்லுங்க. வாய்க்கு நேரா நின்னா அது எப்புடித் தொறக்கும்? பெத்தவ ஒக்காந்திருக்கா, கண்ணு தெரியலையா?"

என்ன மாயமோ, கூட்டம் விலகியது. பையன்கள் முதுகிலிருந்து இறங்கினார்கள். உள்ளே ஒரு ஆள் இருக்கிறானாம் என்ற பேச்சு பின்னால் ஓடியது. ஐஸ்காரனும் மணியை நிறுத்தினான். அத்தனை ஜனமும் மூச்சுக் காட்டாமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் பார்த்தேன். மாமியைப் பார்த்துக் கேலி செய்தவள்தான் நான். ஆனால் என் உதடு தானாக அந்த துஆவை ஓதியது.

மீன் ஒரு பெரிய மூச்சு விட்டது. கீழ்த்தாடை மெல்ல இறங்கியது. உள்ளே பல்லுக்குப் பதில் பன்னாடை மாதிரி ஏதோ வரிசையாகத் தொங்கியது. அதன் இடுக்கில் கொஞ்சம் நுரைத் தண்ணீர் வடிந்தது. மாமி இரண்டு கையையும் நீட்டினாள். "கனி, வாடா" என்றாள். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மீன் மறுபடி மூச்சு விடவில்லை.

கூட்டம் கொஞ்சநேரம் நின்று பார்த்தது. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அழகம்மாள் மட்டும் போகும்போது மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரேங்க்கா" என்றாள்.

மறுநாள் காலையில் அறுத்தார்கள். என் கொழுந்தன் முகமது இப்ராஹிம்தான் அரிவாளை எடுத்தான். வேறு யாரும் வயிற்றில் கை வைக்கக் கூடாது என்று மாமி உத்தரவு போட்டிருந்தாள். "பைய அறுடா, அண்ணன் மேல படாம" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்தப் பையன் அழுதுகொண்டே அறுத்தான். கொழுப்பு வந்தது, சதை வந்தது, அதன் பிறகு நாற்றம் வந்தது. எண்ணெய்க்காகத் தகர டின்னோடு நின்றவர்கள்கூடத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளிப் போனார்கள். இரைப்பையைக் கிழித்ததும் கூழாகிப் போன சாளை மீன்கள் மணலில் சரிந்தன, கூடை கூடையாக.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான் இப்ராஹிம்.

மாமி அவனைத் தள்ளிவிட்டாள். மண்டியிட்டு இரண்டு கையையும் தோள்வரை உள்ளே விட்டுத் தேடினாள். கன்னம் அந்தச் சதையில் பதிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இருட்டறைப் பரணில் சாமான் துழாவுகிறவள்போல, மூலை மூலையாகத் தேடினாள். லெபை வந்து, "பீவி, போதும்மா" என்றார். அவள் காதில் விழவில்லை. தேடித் தேடி, இனித் தேட இடமில்லை என்று ஆனதும் தானாகக் கையை வெளியே எடுத்தாள்.

கடலில் இறங்கிக் கை கழுவினாள். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவள் அழுவாள், அடித்துக்கொள்வாள், தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். அவள் அழவில்லை.

"லெபை," என்று கூப்பிட்டாள். "இன்னிக்கே ஃபாத்திஹா ஓதிருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சம்சு, நீ வெளிய நடமாடுறது இதோட போதும். இன்னையிலேர்ந்து இத்தா இரு. முடிஞ்சதும் ஒங்க அத்தாவை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. சின்னப் புள்ள நீ. ஒன்ன நான் ரொம்ப நாளு கட்டிப் போட்டுட்டேன்."

ஒன்றரை வருஷம் நான் கேட்கத் தவித்த பேச்சு அதுதான். என் புருஷனுக்காக நான் ஒருநாளும் அழுததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதற்காக அழவேண்டும்? வீட்டில் ஒருத்தி அவர் வருவார் என்று சோறு மூடி வைத்துக்கொண்டிருந்தாளே. அவளைப் பைத்தியம் என்று திட்டிக்கொண்டே, அவள் நம்பிக்கையில்தான் நானும் இத்தனை நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

"இது அந்த மீனு இல்ல மாமி" என்றேன்.

லெபை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது வேற மீனு. கடல்ல மீனு ஒண்ணுதானா இருக்கு? நீங்களே சொன்னீங்கள்ல, வரும்னு? இன்னொண்ணு வரும். நான் இத்தா இருக்க மாட்டேன். நீங்க ஓதுங்க மாமி, நிறுத்தாதீங்க, ஓதுங்க!" என் குரல் கரை முழுக்கக் கேட்டது. அன்றும் வேடிக்கை பார்க்க ஒரு பஸ் வந்திருந்தது. அதில் இறங்கியவர்கள் மீனை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஓடி வந்தார்கள்.

மாமி என்னை அணைத்துத் தன் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டாள். எத்தனை கழுவியும் அவள் கையில் அந்த நாற்றம் போகவில்லை.

"அவன் மவுத்தாயிட்டான், சம்சு" என்றாள். அதை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.