பொன்னம்மாள்மேல் அடித்த வெளிச்சம்

ஆரணி கொசப்பாளையத்துப் பொன்னம்மாள்மேல் அடித்த ஃப்ளாஷ் வெளிச்சம் திரும்பி வராது. 2003-ஆம் வருஷம் ஆவணி மாசத்தில் இது ஆரம்பித்தது. அந்த மாசம் தக்காளி கிலோ ஆறு ரூபாய். சித்திரையில் அவள் புருஷன் லாரி மோதிச் செத்துப்போயிருந்தான். ஆவணியில் தம்பி பரசுராமனுக்குக் கல்யாணம். கூடப் பிறந்தவளாக மணைக்குப் பக்கத்தில் நின்று நாத்தனார் விளக்கைப் பிடிக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் தாலியறுத்து நாலு மாசம் ஆனவள் எங்கே முன்னால் வருவது? விளக்கைச் சித்தப்பா மகள் பிடித்தாள். பொன்னம்மாளை யாரும் போ என்று சொல்லவில்லை, அவளே இரண்டு வயசு தேவிப்ரியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். இந்த ஊரில் எல்லாம் அப்படித்தான் நடக்கும். போட்டோக்காரர் எல்லப்பன் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பியபோது கை தவறி ஒரு ஃப்ளாஷ் அந்தப் பக்கம் அடித்துவிட்டது. படம் கழுவி வந்தபோது கதவு இருந்தது, அண்டா இருந்தது, குழந்தை அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் மட்டும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவாள், கேமராவுக்குத் தெரியமாட்டாள். வெயிலில் எடுத்தாலும் அதே கதைதான். எல்லப்பனுக்கு இது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அவள் ஒதுங்கி நிற்கிற மூலையைத் தேடிப்போய் ஒரு ஃப்ளாஷ் அடிப்பார். நாற்பது தடவை அடித்தார், நாற்பதும் அவளுக்குள்ளே போனதுதான். ஊரில் ஸ்டுடியோ திறந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்றிரண்டு அடித்துப் பார்த்துவிட்டு, பேட்டரி தண்டம் என்று விட்டுவிட்டார்கள். அவள் ஆதார் அட்டையில் பின்னால் கட்டியிருந்த நீலத் துணி மட்டும் இருக்கிறது. பேங்கில் கணக்கு ஆரம்பிக்கப் போனபோது மேனேஜர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்; துணி நீலம்தானே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தம்பி வீட்டிலேயே இருந்து, அவன் தறிக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்து, மகளைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தாள். தன்மேல் வெளிச்சம் நிற்காததைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் பேசினதில்லை. கேட்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது.

2025 ஆவணியில் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை ராஜ்குமார், கலசப்பாக்கம். தோஹாவில் ஏசி மெக்கானிக். இருபது நாளில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. நல்ல பையன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெண்ணுக்கு ஒரே கவலை. வீடியோ காலில் அம்மா வரமாட்டாள். போனை எப்படிப் பிடித்தாலும் பின்னால் இருக்கிற சுவரும் காலண்டரும்தான் வரும். கையில் அம்மா படம் ஒன்றுகூடக் கிடையாது, தான் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தப் படத்தைத் தவிர. அவள் தன்னோடு படித்த வனிதாவிடம் போனாள்.

வனிதா, யோவான் வாத்தியார் மகள். ஒரு ஸ்டுடியோவில் நாலு வருஷம் பாஸ்போர்ட் படம் எடுத்தும், ஆல்பத்துக்கு முகம் வெளுத்தும் கழித்தவள். பெண்பிள்ளை கூட்டத்தில் முண்டியடித்து நிற்கமாட்டாள் என்று ஒரு கல்யாணத்துக்கும் அவளை அனுப்பினதில்லை. கோபித்துக்கொண்டு வெளியே வந்து பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டாள். ஃப்ளாஷ் வாங்கக் கையில் காசில்லை.

"எல்லாம் எப்படி வந்தாலும் பரவால்ல வனி. எங்கம்மா என் பக்கத்துல நின்னுகினு இருக்கற மாதிரி ஒரே ஒரு படம்," என்றாள் தேவிப்ரியா. வனிதா சரி என்று சொல்லிவிட்டாள்.

வேலூரில் போய் விசாரித்தாள். குடை வைத்த பெரிய விளக்கு இரண்டு, அவளுடைய ஆறு மாசச் சம்பாத்தியம். அதோடு அது கரண்டில் ஓடுவது, கொசப்பாளையத்தில் மழை வந்தால் கரண்டுக்கு யார் உத்தரவாதம்? எல்இடி பலகை மலிவு, ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணைக் கசக்கிக்கொண்டே தாலி கட்ட வேண்டியிருக்கும். கேமராவோடு பேசித் தானே அளவு பார்த்துக்கொள்ளும் புது ஃப்ளாஷைக் கையில் எடுத்துப் பார்த்தாள், விலையைக் கேட்டதும் மெல்லக் கீழே வைத்தாள். அறுபது பேர் வருகிற கல்யாணத்துக்கு, அளவைக் கையால் திருகி வைக்கிற பழைய ஃப்ளாஷ் ஒன்று போதும், அதன் தலையை மேலே திருப்ப முடிந்தால் சரி என்று முடிவுக்கு வந்தாள். அப்படி ஒன்று ஆரணியிலேயே எல்லப்பன் வீட்டுப் பரணில் கிடந்தது. நாலு பென்சில் பேட்டரி போடுகிற சாமான். ஆயிரத்தைந்நூறுக்குக் கொடுத்தார்.

"இன்னாம்மா, பொன்னம்மா ஊட்டுக் கல்யாணமா? அந்தம்மா பக்கம் மட்டும் திருப்பாத. நாப்பது தபா அடிச்சிப் பேஜாராயிட்டேன். எல்லாமே இதே ஃப்ளாஷுதான்."

கல்யாணம் பரசுராமன் வீட்டுத் தறிக்கூடத்தில். தறிகளைப் பிரித்து ஓரம் கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் முன்னால் வனிதா போய்ப் பார்த்தபோது இரண்டு சிக்கல் தெரிந்தது. பெண்ணுக்குப் பரசுராமன் தானே நெய்த பட்டு, உடம்பெல்லாம் சரிகை. அதன்மேல் நேராக அடித்தால் சரிகை வெள்ளையாய் எரிந்து முகம் கருத்துப்போகும். மேலே பார்த்து அடித்து, கூரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கூரைக்கோ பச்சை பெயிண்ட். எல்லாரும் பச்சையாக வருவார்கள். பரசுராமனைக் கேட்டு எட்டு முழ வேட்டி இரண்டை மணைக்கு மேலே இழுத்துக் கட்டினாள். அப்படி அடித்தால் வெளிச்சம் மிருதுவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் முழு பலத்தில் அடிக்க வேண்டும், பேட்டரியைக் குடித்துவிடும். அதனால் இன்னும் நாலு பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பையில் வைத்தாள். போகிற நேரத்தில், பொன்னம்மாள் தார் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அவள்மேல் ஒரு ஃப்ளாஷ் அடித்துப் பார்த்தாள். படத்தில் ராட்டினம் மட்டும் வந்தது.

"உடும்மா," என்றாள் பொன்னம்மாள். "அவள நல்லா எடு, அது போதும்."

காலை ஆறு மணிக்கு மேல் முகூர்த்தம். நாலரைக்கே மழை பிடித்துக்கொண்டது, ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே பொழுது விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. வனிதா பயப்படவில்லை, இதற்காகத்தானே பேட்டரி ஃப்ளாஷ் வாங்கினாள். மாப்பிள்ளை அழைப்பு, காப்புக் கட்டு, மாலை மாற்றல் எல்லாம் எடுத்தாள், நன்றாகவே வந்தது. கூறைப்புடவை கட்டிப் பெண் வந்து உட்கார்ந்தபோது ஃப்ளாஷ் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பையைத் திறந்தால் மூன்று பேட்டரிதான் இருந்தது. பரசுராமன் பெண்டாட்டி சுபலட்சுமி, சுவர்க் கடிகாரம் நின்றிருப்பதைப் பார்த்து, நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதே என்று பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடிகாரத்தில் போட்டிருந்தாள். அதைக் கழற்றச் சொன்னதும் சின்னம்மா என்கிற கிழவி கத்தினாள்: "தாலி கட்டற நேரத்துல கடியாரத்த நிறுத்துவாளாடி எவளாவது?" அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு ஏது? மூன்று பேட்டரியை வைத்துக்கொண்டு நாலு போடுகிற ஃப்ளாஷில் என்ன செய்வது? தீர்ந்துபோன பழையதில் ஒன்றைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள், ஃப்ளாஷ் எழவில்லை. நாலைந்து பேர் செல்போன் விளக்கை நீட்டினார்கள், சரிகை எரிந்தது, முகம் கருத்தது. குத்துவிளக்கும் நாத்தனார் விளக்கும் ஐயர் கண்ணுக்குத்தான் போதும்.

"ஐயரே, ஒரே நிமிஷம்," என்றாள் வனிதா, அழுகை வந்துவிட்டது.

"நேரம் நிக்காதும்மா. கெட்டிமேளம்!"

பொன்னம்மாள் அன்றைக்கு நின்ற அதே சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால்தான் இன்றைக்கும் நின்றிருந்தாள். வெளிச்சம் இல்லை, படம் இல்லை என்று பேசிக்கொள்வது காதில் விழுந்தது. கண்ணாலாவது பார்த்துக்கொள்ளலாமே என்று கதவை ஒரு முழம் திறந்தாள். ராஜ்குமார் தாலியைத் தூக்கினான். வனிதா ஆத்திரத்தில் பொத்தானை அழுத்தினாள். பொன்னம்மாளிடமிருந்து வெளிச்சம் அடித்தது.

வெளிச்சத்துக்குச் சத்தம் ஒன்றும் இல்லை. கூடம் முழுக்க வெளுத்து அடங்கியது. வனிதா மறுபடி அழுத்தினாள், மறுபடி அடித்தது. யாரும் கூச்சல் போடவில்லை. மேளம் வாசிக்கிறவர் ஒரு தரம் தாளம் தப்பிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். சின்னம்மா வாயைத் திறந்தாள், ஆனால் ஐயரே, "அந்தம்மாவை இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்கோ, முடிச்சு தெரியல," என்றுவிட்டார். பரசுராமன் எழுந்து கதவுக்குப் போய் அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, வா. இங்க நில்லு."

சுபலட்சுமி நகர்ந்து இடம் விட்டாள். பரசுராமன் அழுதான், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதான். பொன்னம்மாள் அழவில்லை. மகள் முதுகுக்குப் பின்னால் நின்று, வனிதா பொத்தானை அழுத்துகிற போதெல்லாம் ஒரு வெளிச்சம் கொடுத்தாள். அறுபத்தொன்று கொடுத்தாள். எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது.

படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டபோது வனிதாவுக்கு விஷயம் புரிந்தது. எல்லாப் படத்திலும் பொன்னம்மாள் இருந்தாள். முதல் படத்தில் இருபத்தாறு வயசு. 2003-இல் கட்டியிருந்த பிஸ்கட் கலர் புடவை, இடுப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தது, ஆனால் இடுப்பில் குழந்தை இல்லை. குழந்தை மணையில் தாலியோடு உட்கார்ந்திருந்தது. அடுத்ததில் அவளுக்கு இருபத்தேழு. உள்ளே போன வரிசையில் வெளிச்சம் வெளியே வந்திருந்தது, எந்த வயசில் போனதோ அந்த வயசில் அவளைக் காட்டியபடி. இளைத்தாள், நரைத்தாள், ஒரு வருஷம் கையில் கட்டு இருந்தது. கடைசிப் படத்தில் நாற்பத்தெட்டு, கையில் தார்க்குச்சி. அது போன வாரம் வனிதா அடித்தது. தேவிப்ரியா அறுபத்தொன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, எங்கம்மா இவ்ளோ அழகா இருந்தாங்களா என்று கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். எல்லப்பன் வந்து பார்த்து, இதில் நாற்பது தன்னுடையது என்றும் ஆல்பத்தில் தன் பெயர் வர வேண்டும் என்றும் சண்டை பிடித்தார். கடைசிப் பக்கத்தில் போட்டார்கள்.

இப்போது ஆரணியில் சின்னக் கல்யாணம் வைக்கிறவர்கள் ஃப்ளாஷுக்குச் செலவழிப்பதில்லை. முதல் நாள் போட்டோக்காரர் வந்து பொன்னம்மாள்மேல் வேண்டிய மட்டும் அடித்துவிட்டுப் போவார். மறுநாள் அவள் மணைக்கு வலது பக்கம் நிற்பாள், விளக்குக்குப் பக்கத்தில். படத்தில் நேற்றைய புடவையில் வருவாள், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. தேவிகாபுரத்திலிருந்தும் படவேட்டிலிருந்தும்கூட வண்டி அனுப்பிக் கூட்டிப்போகிறார்கள். வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்கிறார்கள். அவளுக்குக் கொடுக்கலாமா என்று சின்னம்மாகூடக் கேட்பதில்லை.

அடித்ததில் ஒன்றை மட்டும் பொன்னம்மாள் யாருக்கும் கொடுக்காமல் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை தோஹாவில் லீவு, பகல் இரண்டு மணிக்குத் தேவிப்ரியா கூப்பிடுவாள். திரையில் சுவரும் காலண்டரும் தெரியும். இன்னா சாப்ட, மாப்பிள எப்படிகீறாரு, இங்க மழை வந்துகினே இருக்குது என்று சுவர் பேசிக்கொண்டிருக்கும். நடுவில் எப்போதோ ஒரு தடவை வெளிச்சம் அடித்து அம்மா முகம் வந்து போகும். எந்தப் பேச்சுக்கு அது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் தேவிப்ரியா போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. சிமிட்டிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமைதான்.